எட்டுப் பேருக்குச் சமைக்க ஒரு புத்தகம்

விருந்துச் சமையல் நூல் ஒன்றைக் கடையில் எடுத்தால் நான் முதலில் படங்களைப் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு விருந்துப் பட்டியலைப் பிரித்து, நண்பர்கள் இலையில் உட்காருவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் எத்தனை அடுப்பு எரிய வேண்டும் என்று எண்ணுவேன். இரண்டைத் தாண்டினால் வைத்துவிடுவேன். பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது. பளபளப்பான ஒரு நூலை நம்பி ஒருமுறை எட்டுப் பேரை அழைத்திருந்தேன். ஐந்து பண்டங்கள், ஐந்தையும் கடைசி நேரத்தில்தான் முடிக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ இரட்டை பர்னர். கூடத்தில் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது, நான் வாணலியோடு நின்றேன். கடைசிப் பண்டத்தோடு வெளியே வந்தபோது இருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் இந்த வகை நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1861-இல் லண்டனில் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல், ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் எவ்வளவு நேரம், என்ன செலவு, எத்தனை பேருக்குக் காணும் என்று சொல்லிவிடும். மாதவாரியாக விருந்துப் பட்டியல்களும் உண்டு. குறிப்புகளில் பல மற்றவர்களிடமிருந்து எடுத்தவை. எலிசா ஆக்டன் 1845-லேயே பொருள்களைத் தனியாக அளவோடு எழுதிக் காட்டியிருந்தார். ஆனால் பீட்டனின் வாசகி கரண்டியைத் தொடுபவள் அல்ல. சமையல்காரிக்கு உத்தரவு போடுபவள். கூடத்தில் ஒருத்தி, அடுப்படியில் இன்னொருத்தி.

இருபதாம் நூற்றாண்டில் வேலையாட்கள் போய், அந்த இரண்டு பேரும் ஒரே ஆளானார்கள். விருந்து நூலின் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1961-இல் ஜூலியா சைல்டும் அவருடைய இரண்டு தோழிகளும் எழுதிய ‘மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃபிரெஞ்ச் குக்கிங்’, வேலையாள் இல்லாத அமெரிக்க வீட்டுக்கானது என்று முன்னுரையிலேயே அறிவித்தது. அதில் எனக்குப் பிடித்தது பிரெஞ்சுச் சாஸ் எதுவும் இல்லை. செய்முறையின் நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு நட்சத்திரம். இந்த இடம்வரை முன்னதாகவே செய்து வைத்துவிடலாம், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். எழுதியவர்கள் பலமுறை சமைத்து, எங்கே நிறுத்தினால் பண்டம் கெடாது என்று பார்த்திருந்தால்தான் அந்தக் குறியைப் போட முடியும்.

1982-இல் வந்த மார்த்தா ஸ்டூவர்ட்டின் ‘என்டர்டெயினிங்’ வேறு சாதி. கனெக்டிகட்டில் கேட்டரிங் தொழில் நடத்தியவர். அதற்கு முன் பங்குச் சந்தைத் தரகர். பூ அலங்காரமும் தட்டு அடுக்கிய அழகும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது கேட்டரிங்காரரின் பார்வை. பல கைகள் சேர்ந்து முடிக்கும் வேலையை ஒரு பெண்மணி தனியாக முடித்ததாக நம்ப வைக்கிறது. வாங்கலாம், பழைய புத்தகக் கடையில்.

ஐனா கார்ட்டன் வந்த வழி வேறு. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் கடலோர ஊரொன்றில் ஒரு உணவுக் கடையை விலைக்கு வாங்கினார். கடைப் பண்டம் அலமாரியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எது நிற்கும், எது நமுத்துப்போகும் என்பது கடைக்காரருக்கு விரல்நுனியில் தெரியும். 2014-இல் அவர் எழுதிய ‘மேக் இட் அஹெட்’ முழுவதும் முன்கூட்டிச் செய்து வைக்கும் கலைதான். நைஜெல்லா லாசனின் ‘ஹவ் டு ஈட்’ (1998) அதற்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. டயானா ஹென்றியின் ‘ஹவ் டு ஈட் எ பீச்’ (2018) விருந்துப் பட்டியல்களாகவே கட்டப்பட்டது, சமைக்காவிட்டாலும் படிக்கலாம்.

நாலு பேருக்கான குறிப்பை எட்டுப் பேருக்கு இரட்டித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லும் நூலை நான் நம்புவதில்லை. அதே வாணலியில் இரண்டு பங்கு வெங்காயம் போட்டால் சிவக்காது, தண்ணீர் விட்டு வேகும். குழம்புக்குத் தண்ணீரும் அப்படித்தான்: வற்றுவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, ஆள் கணக்கைப் பொறுத்தது அல்ல.

நம்மிடம் 1951-இல் மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ இருக்கிறது; அளவு சொல்லிச் சமைக்கக் கற்றுக்கொடுத்த புத்தகம். நாலு பேருக்கு வீட்டுச் சமையல், நானூறு பேருக்குத் தவசிப்பிள்ளை என்று பழகிவிட்டோம். இடையில் உள்ள எட்டுப் பேருக்கு, சமைப்பவரும் கூட உட்கார்ந்து சாப்பிடும்படி, நான் பார்த்த தமிழ் நூல்கள் அதிகம் சொல்வதில்லை. இத்தனைக்கும் புளிக்காய்ச்சலை முதல் நாளே கிளறி வைப்பதும், மறுநாள்தான் மீன்குழம்புக்கு ருசி என்பதும் நம் அடுக்களைக்குத் தெரியாதவை அல்ல.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கார்ட்டனை வாங்குங்கள். ஓவன் இல்லாத வீட்டில் பாதிதான் பயன்படும். அந்தப் பாதியே விலைக்குத் தகும். சைல்டிடமிருந்து நான் நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் கைப்பிரதி நோட்டில் பென்சிலால் குறித்துவருகிறேன். தயிர்வடையில் வடையைப் பொரித்தெடுத்த இடத்தில் அது விழுந்தது. வற்றல் குழம்பில் கடைசி வரிக்கே போய்விட்டது. பஜ்ஜிப் பக்கத்தில் மட்டும் அதைப் போட இடமே இல்லை.