வேதமும் புஸ்தகமும்

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' என்ற பெயரில் 1995இல் வந்தது. வந்த சில மாதங்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமுள்ள எங்கள் ஊருக்குப் போனேன். ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் சங்கீதங்களில் பாதி காதால் கேட்டே மனப்பாடம். புதிய தமிழில் ஒரு சங்கீதத்தை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தாம்ல இருக்கு, கத புஸ்தகம் மாதிரி. வேதத்த எடுத்து வாசி."

இதை வெறும் பழமைப் பிடிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கிறிஸ்தவர்கள் தங்கள் நூல் தெய்வத்தால் அருளப்பட்டது என்று ஏன் நம்புகிறார்கள் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருப்பதாக இப்போது படுகிறது. நமது சூழலில் இதை யாரும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. நம்புகிறவர்களுக்கு அது முடிந்த விஷயம். நம்மைப் போன்றவர்களுக்கு மூடநம்பிக்கை, ஆக அதுவும் முடிந்த விஷயம்.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பதில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். கடவுளின் மூச்சால் ஆனது என்று பொருள்படும் 'தெயோப்நியூஸ்தோஸ்' என்ற கிரேக்கச் சொல் அங்கே வருகிறது. புஸ்தகம் தெய்வீகமானது, ஏனென்றால் புஸ்தகமே அப்படிச் சொல்கிறது. இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தபோது பதினெட்டு வயதில் எனக்கிருந்த மமதை கொஞ்சநஞ்சமல்ல. பிற்பாடு வரலாறு வாசித்தபோது வட்டம்கூட முழுசாக இல்லை என்று தெரிந்தது. அந்த நிருபம் எழுதப்பட்டபோது வேத எழுத்து என்றால் யூதர்களின் நூல்கள்தாம். புதிய ஏற்பாடு என்ற தொகுப்பே அன்று இல்லை. இன்றுள்ள 27 நூல்களை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் பட்டியலிடும் பழைய ஆவணம் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா மடல்.

பிரதிக்குள் போனால் இன்னும் சங்கடம். தான் விசாரித்து, ஒழுங்குபடுத்தி எழுதுவதாக லூக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆவி சொல்லச் சொல்ல எழுதினேன் என்று அவர் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதும் பவுல் கலியாண விஷயத்தில் இது கர்த்தர் சொன்னது, இது நான் சொல்வது என்று பிரித்துக் காட்டுகிறார். மூச்சைப் பற்றிய வசனத்துக்கு அடுத்த அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்லும் வரி இருக்கிறது. குளிர் வரப்போகிறது, பாவம்.

ஆக, நம்பிக்கையின் காரணத்தைப் பிரதியின் தற்சான்றில் தேடிப் பயனில்லை. இறையியலாளர்களுக்கும் இது தெரியும். வேதம் தெய்வத்திடமிருந்து வந்தது என்ற நிச்சயத்தை வாதம் தராது, ஆவியின் அந்தரங்க சாட்சியே தரும் என்றார் கால்வின். கத்தோலிக்கர் அந்த இடத்தில் திருச்சபையை வைத்தார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எழுதிய மனிதர்களும் உண்மையான ஆசிரியர்களே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் விவிலிய விமர்சனத்தைக் கண்டு மிரண்ட ஒரு சாரார் வேறு பாதையில் போனார்கள். அமெரிக்காவில் ஹாட்ஜும் வார்ஃபீல்டும் 1881இல் எழுதிய கட்டுரை, 1978இன் சிகாகோ அறிக்கை இரண்டும் சொல்வது இது: மூலக் கையெழுத்துப் படிகளில் பிழையே இல்லை. அந்த மூலப்படிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. யாரும் வாசிக்க முடியாத ஒரு நூலுக்குப் பிழையின்மையைக் கொடுத்துவிட்டு, அதன் அதிகாரத்தை மட்டும் கையிலிருக்கும் நூலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆச்சியின் நம்பிக்கை இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அவளுடைய வேதம் எபிரேயமும் இல்லை, கிரேக்கமும் இல்லை, 1871இன் தமிழ். மீமாம்சகர்களுக்கு வேதத்துக்கு ஆசிரியனே கிடையாது. ஒலி பிசகினால் போச்சு. குர்ஆன் அரபியில்தான் குர்ஆன். கிறிஸ்தவர்களுக்கோ மொழிபெயர்ப்பே தெய்வ வார்த்தை. இயேசு பேசியது அரமேயம், சுவிசேஷங்கள் இருப்பது கிரேக்கத்தில். ஆக அவர் பேச்சு நமக்குக் கிடைக்கும்போதே மொழிபெயர்ப்புதான்.

ஆச்சி வேதம் என்று சொன்ன அந்தத் தமிழும் வானத்திலிருந்து விழவில்லை. பவர் ஐயரின் குழு, பப்ரீசியஸின் 18ஆம் நூற்றாண்டுத் தமிழை அடிப்படையாக வைத்து, மற்ற மொழிபெயர்ப்புகளையும் பார்த்துச் செய்தது அது. வந்தபோது அதுவும் புதுசு. லுத்தரன் சபையார் அதை ஏற்காமல் பப்ரீசியஸையே நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன்பே, 1850இல் வந்த பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவத்தை எதிர்த்து அவரளவுக்கு எழுதியவர் யார்? அந்தச் சைவர் ஒரு சொல்லைத் தேர்ந்தபோது மூச்சு யாருடையது?

கேள்வி குறும்பாகத் தெரியலாம். ஆனால் பதில் முக்கியம்: தெய்வீகம் எழுதிய கணத்தில் மட்டும் இல்லை, கேட்கும் காதிலும் நிகழ்கிறது. அந்தக் காதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். கமுதிக் கோயிலுக்குள் நாடார்களுக்கு உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே சாதியில் பிறந்தவள் என் ஆச்சி. அவள் 'வேதம்' என்ற சொல்லையே தன்னுடையதாக வைத்துக்கொண்டாள். கடவுள் என்னிடம் பேசுகிறார், என் பாஷையில் பேசுகிறார் என்பதுதான் அவள் நம்பிக்கையின் உள்ளடக்கம். ஏவுதல் பற்றிய கோட்பாடுகள் எல்லாம் இந்த அனுபவத்துக்குப் பின்னால் எழுதப்பட்ட விளக்கங்கள். அத்தனாசியுஸின் தேதியைக் காட்டி இதைத் தகர்த்துவிட முடியாது. நான் முயன்று தோற்றவன்.

இத்தோடு நிறுத்தினால் இது பக்திக் கட்டுரை ஆகிவிடும். என்னிடம் பேசுகிறார் என்பது, உன்னைப் பற்றி என்னிடம் சொல்லிவிட்டார் என்று ஆவதற்கு ரொம்ப நேரம் ஆகாது. அடிமை வைத்திருப்பவர்கள் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில் பிரிந்துதான் 1845இல் அமெரிக்காவின் தென்மாநில பாப்திஸ்துகள் தனிச் சபையானார்கள். இரண்டு பக்கத்துக் கையிலும் இருந்தது ஒரே நூல், இருவருக்கும் அது தெய்வ மூச்சு. அவ்வளவு தூரம் போவானேன். தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி வரிசை, தனிக் கல்லறைத் தோட்டம் வைத்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஈயத்திலிருந்து தப்பிய காதுகள் அடுத்தவன் காதை அடைத்தன. ஆச்சியின் தலைமுறையும் இதற்கு விலக்கல்ல, அவளும் அல்ல.

எனவே அருளப்பட்டதா இல்லையா என்று வாதாடுவதில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. இந்த நூல் தன்னிடம் பேசுவதாக ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அதே நூலை வைத்து இன்னொருவரை வாயடைக்கும்போது மட்டும், மூலப்படி எங்கே, மேலங்கி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. விமர்சனத்துக்கு அங்கேதான் வேலை.

ஆச்சியின் கடைசி நாட்களில் பழைய வேதத்தைத்தான் வாசித்தேன். ஓரிடத்தில் ஒரு சொல் தவறிவிட்டது. கண்ணைத் திறக்காமலே திருத்தினாள். நம்பாதவன்தான், ஆனாலும் அவள் சொன்னபடி திருத்தி வாசித்தேன்.