கல்கியின் எழுதும் முறையும் விமர்சனம் கேட்ட செவியும்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காட்டிப் பிள்ளைகளிடம் ஆயனச் சிற்பியின் கதையைச் சொல்லும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். சிவகாமி ஆடிய இடம் எது என வினவுவோரும் உண்டு. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இவ்விருவரும் இல்லை. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் கற்பனை ஈன்ற மக்கள் அவர்கள். ரசிகமணி டி. கே. சி.யுடன் அக்கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது அக்கதையின் கரு உதித்ததாகக் கல்கியே எழுதியுள்ளார்.

கரு உதித்த உடனே அவர் எழுத உட்காரவில்லை. பல்லாண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து, 1944 முதல் 1946 வரை தம் வார இதழில் தொடராக எழுதினார். நீண்ட காத்திருப்பும், எழுதத் தொடங்கியபின் வாரந்தோறும் நெருக்கும் கெடுவும் சேர்ந்ததே அவருடைய தொழில்முறை. தலையங்கம், அரசியல் கட்டுரை, இசை விமர்சனம் ஆகிய பத்திரிகைப் பணிகளுக்கிடையே அத்தியாயமும் பிறந்தாக வேண்டும். அதன் தழும்புகளை நூலில் காணலாம். அத்தியாயம் முடியுமிடத்தில் குதிரைக் குளம்போசை கேட்கும். மரத்தின் பின்னால் எவரேனும் ஒளிந்து நிற்பார். நாகநந்தியடிகள் புலிகேசியின் உருவத்தை ஒத்திருப்பது முதன்முறை வியப்பளிக்கிறது. பிறகு, ஆசிரியர் வேண்டும்போதெல்லாம் திறந்துகொள்ளும் கதவாகிவிடுகிறது. வாரம் ஒன்றாகப் படித்தவருக்கு விருந்தாக இருந்தது, ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சலிப்பூட்டுகிறது.

எனினும் அதே நெருக்கடிதான் அவர் நடையைத் தெளிவாக்கியது. ஒருவர் வாசிக்க வீடே கேட்டு மகிழும் உரைநடை அது. எழுத்தறியாத பாட்டியும் காஞ்சிக் கோட்டை முற்றுகையைப் பின்தொடர முடிந்தது. இதை அற்பமென்று தள்ளும் புலவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

விமர்சனத்தை அவர் எவ்வாறு ஏற்றார்? ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் பாடகரையும் நாடகக்காரரையும் நகைச்சுவையால் குத்தியவர் அவர். பிறரைக் குத்தியவருக்குத் தம்மீது முள் தைக்கும்போது என்ன நேர்கிறது என்பதே சோதனை. பாரதியை மகாகவி என ஏற்க அவர் தயங்கியபோது கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலால் எதிர்த்தெழுந்தனர். பிற்காலத்தில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று பொருள் திரட்டியவரும் கல்கியே. 1947இல் அது திறக்கப்பட்டது. அந்த மண்டபத்தை அவர் கல்லால் எழுதிய மறுமொழியாகவே நாம் கொள்கிறோம். புதுமைப்பித்தன் முதலியோர் அவர் கதைகளைத் தழுவல் எனச் சாடிய வழக்கு வேறு வகை. அதில் சூடு மிகுதி. இருதரப்பும் நிதானம் காத்தது எனச் சொல்வதற்கில்லை.

நம் மத்ரஸாக்களில் ஒரு செய்தி வந்தால் முதலில், ‘அறிவித்தவர் யார்?’ என்று கேட்கப் பயிற்றுவிப்பார்கள். ஸனது, அதாவது அறிவிப்பாளர் வரிசை, அறுந்திருந்தால் வாசகம் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை. நாவலை அந்தத் தராசில் முழுதும் நிறுப்பது நியாயமன்று; ஆயினும் சரித்திரத்தின் பெயரால் பேசுகிறவரிடம் ஓரளவேனும் கேட்கலாம். கல்கி அக்கேள்விக்கு அஞ்சவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் நிறைவுற்றதும், கதை திடீரென நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைகூறினர். கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று கடிதங்கள் எழுதினர். அவர் சினவாமல் முடிவுரை எழுதி, சமூக நாவலுக்கும் சரித்திர நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, கேட்டவற்றுக்கு விடையளித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

அரபு மொழியிலும் இவர் போன்ற ஒருவர் உண்டு. 1892இல் கெய்ரோவில் ‘அல்-ஹிலால்’ இதழைத் தொடங்கிய ஜுர்ஜி ஸைதான், இஸ்லாமிய வரலாற்றைக் காதல் கதைகளோடு பின்னித் தம் இதழிலேயே தொடர்களாக வெளியிட்டார். கதைக்காக வரலாற்றை வளைக்கலாகாது என்பது அவர் கொண்ட கொள்கை. அவருடைய இஸ்லாமிய நாகரிக வரலாற்றை அல்லாமா ஷிப்லி நுஃமானி அரபியிலேயே ஒரு நூல் எழுதி வரிவரியாக மறுத்தார். கற்றறிந்த பகைவர் எழுத்தாளனுக்கு வாய்த்த பேறு. கல்கிக்கு வாழ்நாளில் விசிறிகள் மிகுதியாகவும் ஷிப்லிகள் குறைவாகவும் வாய்த்தனர்.

கடுமையான கேள்வி அவருக்குப் பின்னரே வந்தது. மாமல்லபுரச் சின்னங்கள் பலவும் இராஜசிம்மன் காலத்தவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். அறிஞர் எல்லோரும் அதை ஏற்றாரில்லை. ஏற்றால், மகேந்திரரும் மாமல்லரும் ஆயனரும் அக்கடற்கரையில் உளிகளோடு நின்ற காட்சியின் அடித்தளமே ஆட்டம் காணும். மணிமங்கலப் போரும் இத்தகையதே. புலிகேசியை நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் ஒன்றாகவே கூரம் செப்பேடு அதைக் கூறுகிறது. கதையிலோ அங்கு முன்னின்று பொருது காயமுறுபவர் தந்தை மகேந்திரர். மகனைக் குற்ற உணர்விலும் பழிவாங்கும் வேட்கையிலும் நிறுத்தக் கதைக்குத் தந்தையின் காயம் தேவைப்பட்டது. இதைக் கேட்டிருந்தால் கல்கி இன்னொரு முடிவுரை எழுதியிருப்பார் என்றே எண்ணுகிறோம்.

செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரன் காலத்துக் குடைவரை ஒன்று உள்ளது. கல்வெட்டும் உண்டு. மாமல்லபுரத்துக்கு வண்டியேறுவோரில் அங்கே இறங்குபவர் மிகச் சிலரே. அதைப் பற்றி எவரும் தொடர்கதை எழுதவில்லை.