'எஸ்டேட்' ஷார்டனே: லேபிளில் இருக்கிற தோட்டம்

ஒயின் பாட்டில்ல "குடும்பத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டில் விளைந்த ஷார்டனே"ன்னு போட்டிருந்தா, வாங்குறவருக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துடும். அந்த நம்பிக்கையில பாதிதான் நியாயம்ங்கிறது என் கருத்து.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு எஸ்டேட்னா வால்பாறைத் தேயிலை. முதலாளி எங்கேயோ இருப்பார், கொழுந்து பறிக்கிறவங்க லைன் வீட்டில் இருப்பாங்க. ஒயின்காரர் சொல்ல வர்றதுக்கு நம்ம 'தோட்டம்'தான் பக்கத்துல வரும்: கிணறு, பட்டி, தோட்டத்துச் சாலை, அங்கேயே குடியிருக்கிற குடும்பம். அமெரிக்காவில் 'எஸ்டேட் பாட்டில்டு'ன்னு போட சட்டப்படி வரையறை உண்டு. திராட்சை முழுக்க ஒயினரியின் சொந்த நிலத்திலோ அதன் பொறுப்பிலுள்ள நிலத்திலோ விளையணும். பிழியறதுல இருந்து பாட்டில்ல அடைக்கிறது வரை அங்கேயே நடக்கணும். 'குடும்பம்'ங்கிற வார்த்தைக்கு அப்படி ஒரு வரையறை கிடையாது.

இன்னொரு சிக்கல், ஷார்டனே தனக்கென்று பெரிய வாசனை இல்லாத திராட்சை. நாம ரசிக்கிற வெனிலா வாசம் ஓக் பீப்பாயில் இருந்து வருது. வெண்ணெய் வாசம், மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமா மாத்துற பாக்டீரியாவோட வேலை. 1976இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் லேபிளைப் பார்க்காம சுவைத்து, வெள்ளை ஒயின்களில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனாவுக்கு. அந்த 1973 ஷார்டனேவுக்கான திராட்சையில் பெரும்பகுதி, பக்கத்து சோனோமா விவசாயிகளிடம் விலைக்கு வாங்கினது!

அப்போ சொந்தத் தோட்டத்தால என்ன லாபம்? மகாராஷ்டிரத்தைப் பாருங்க. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில், இந்திய, இத்தாலியக் குடும்பங்கள் மூணு சேர்ந்து தொடங்கினது ஃப்ரடெல்லி. இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்'னு அர்த்தம். சொந்தத் தோட்டத்தில்தான் ஷார்டனே வளர்க்கிறாங்க. அந்த மாநிலத்தில் வருஷத்துக்கு ரெண்டு கவாத்து: ஏப்ரல் வாக்கில் ஒண்ணு, அக்டோபர் வாக்கில் ஒண்ணு. முதல் கவாத்து கொடியைத் தயார் பண்ண மட்டும்தான். ரெண்டாவதுக்கு வர்ற காயை ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள்ள பறிப்பாங்க. ஒயினுக்கு அதுலயும் கொத்தைக் குறைக்கணும், புளிப்பு போறதுக்குள்ள பறிக்கணும். எடைக்குக் காசு வாங்குற விவசாயி எதுக்குங்க கொத்தை வெட்டி எறியணும்? ஒயினும் தன்னுதா இருந்தாத்தான் அந்த நஷ்டத்தைத் தாங்க மனசு வரும். எஸ்டேட்டுங்கிற வார்த்தைக்கு உண்மையான மதிப்பு இந்த இடத்துலதான்.

நம்ம தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் கதை வேற. இங்கே பந்தல்ல பன்னீர் திராட்சை. ரெண்டு கவாத்துக்கும் காய் எடுப்பாங்க. மண்டிக்குப் போனதும் அது யார் தோட்டத்துக் காய்ங்கிறது மறைஞ்சுபோகும். நல்லா விளைய வச்சவருக்கும் ஏனோதானோன்னு வச்சவருக்கும் அன்னைக்கு என்ன விலையோ அதுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அது ஒரு பள்ளத்தாக்குக்குக் கிடைச்ச பேர். தோட்டக்காரருக்கு இன்னும் பேர் இல்லை.

இந்தச் சூட்டில் ஷார்டனே வச்சுப் பார்க்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: ஷார்டனேகிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது அதோட கொடியை இல்லைங்க. எந்த நிலம், எப்போ பறிச்சது, யார் பொறுப்புன்னு எழுதுற பழக்கத்தை. அந்த மூணும் இல்லாத லேபிள்ல குடும்பப் படம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது வெறும் விளம்பரம்தான்.