ஆடு மேயாத கிரகம்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அண்ணன் மகன், தூங்காமல் கம்ப்யூட்டரில் பாலைவனத்துக்கு மழை வரவழைத்துக்கொண்டிருந்தான். 'பிளானட் கிராஃப்டர்'. பிரான்ஸின் மிஜு கேம்ஸ் 2024-ல் முழுதாக வெளியிட்ட விளையாட்டு. நீங்கள் ஒரு கைதி. வறண்ட கிரகத்தில் இறக்கிவிடுவார்கள். வெப்பம், காற்றழுத்தம், ஆக்ஸிஜன் மூன்றையும் ஏற்ற ஏற்ற வானம் நீலமாகும், மழை வரும், பாசி படரும். முதல் மழைக்கு நானே கை தட்டிவிட்டேன்!

கடுப்பு? பை ரொம்பச் சின்னது. இரும்பைப் பொறுக்குவதும் கொட்டுவதுமாகவே நேரம் போகிறது. அதை மன்னிக்கலாம். நட்டது எதுவும் பட்டுப்போகாது என்பதுதான் ஜீரணமாகவில்லை. நம்ம ஆரோவில்லையே பாருங்களேன். 1968-ல் தொடங்கியபோது செம்மண் பொட்டல். வரப்பு போட்டு மழையைத் தேக்கி, ஆடு மாடு வாய் வைக்காமல் வேலி கட்டி, வருஷக்கணக்கில் காடாக்கினார்கள். இந்தக் கிரகத்திலும் ஒரே ஒரு ஆட்டையாவது மேயவிட்டிருக்கலாம்.

"ஆடு வேறயா? அப்புறம் நான் எப்பத்தான் தூங்கறது சித்தப்பா?" என்கிறான்.