வெள்ளித்திரையில் மசக்கை

கதாநாயகி அடுப்பங்கரையில் நிற்கிறாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறாள். பாட்டி அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துப் புன்னகை செய்கிறாள். எல்லார் வாயிலும் சர்க்கரை. கணவன் அவளைத் தூக்கிச் சுற்றுகிறான். அடுத்த காட்சி வளைகாப்பு! தமிழ்ப் படம் பார்க்கும் வாசகர் எவரும் இந்தக் காட்சியைப் பத்து முறையாவது பார்த்திருப்பார்.

கதைதானே, இதில் அறிவியலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம்மில் பலருக்கு மசக்கையைப் பற்றிய முதற் பாடம் இந்தக் காட்சிதான். பாடத்தில் பிழை இருந்தால் திருத்த வேண்டுமல்லவா?

முதற் பிழை நாடி. கருவுற்றால் நாடித் துடிப்பு சற்றுக் கூடுவது உண்மையே. ஆனால் காய்ச்சலிலும் கூடும், ரத்தசோகையிலும் கூடும், மாடிப்படி ஏறினாலும் கூடும். எனவே நாடியை மட்டும் வைத்துக் கருவை உறுதி செய்ய முடியாது. வாந்தியும் அப்படியே, மஞ்சள் காமாலையிலும் அது வரும். உறுதி செய்வது சிறுநீர்ப் பரிசோதனை.

இரண்டாவது பிழை காலம். திரையில் வாந்தி ஒரே முறை. உண்மையில் கருவுற்ற பெண்கள் 100 பேரில் சுமார் 70 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், ஏறக்குறைய 6-ஆம் வாரத்தில் தொடங்கி, 9-ஆம் வாரத்தை ஒட்டி உச்சம் அடைந்து, பெரும்பாலோருக்கு 16-ஆம் வாரத்துக்குள் தணிகிறது. அதாவது இரண்டு மாதங்களுக்கும் மேல்! காலையில் மட்டும் வரும் என்பதும் தவறு. அந்தத் தவறு ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. நம்முடைய ‘மசக்கை’ என்ற சொல்லில் பொழுது எதுவும் இல்லை. சூல்கொண்ட மகளிரின் புளிப்பு வேட்கையைக் குறுந்தொகையின் 287-ஆம் பாட்டே குறிப்பிடுகிறது. சொல்லில் நாம் சரியாகத்தான் இருக்கிறோம், காட்சியில்தான் தவறுகிறோம்.

மூன்றாவது பிழையே பெரியது. பாட்டியின் புன்னகையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. 100 பேரில் ஓரிருவருக்கு வாந்தி கட்டுக்கடங்காமல் போகும். உடல் எடையில் 100-க்கு 5 பங்குக்கு மேல் குறைந்துவிடும்; 50 கிலோ எடையுள்ளவர் இரண்டரைக் கிலோ இழப்பார்.

இதை எழுதும் நான் அந்த ஓரிருவரில் ஒருத்தி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் இறங்கி, நடைமேடைப் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காலை வேளைகள் பல. “நாங்களெல்லாம் பெறவில்லையா? எல்லாம் மனசுதான்” என்றார்கள் பெரியவர்கள். நானும் நம்பினேன். ஒருநாள் குடித்த தண்ணீரும் தங்காமல், குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் எழுந்து நின்றேன்.

மனசுதானா? 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ’ராஹில்லி, அமெரிக்காவின் மார்லினா ஃபெய்சோ ஆகியோரின் குழு செய்த ஆய்வு அது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் சேர்க்கின்றன. அது பின்மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் தொல்லை தராதது ஏன்? பகற்காட்சி முடிந்து இருட்டுக் கொட்டகையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையின் வெயிலுக்கு வருபவரின் கண் கூசும். காலை முதல் வெயிலில் நிற்பவரின் கண் கூசாது. வெயில் ஒன்றே, பழக்கம் வேறு. அதுபோல, கருவுறுமுன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்ணுக்குத் திடீர் உயர்வு தாங்க முடியாததாகிறது.

இதற்குச் சான்று நம் அண்டை நாடான இலங்கையிலிருந்து கிடைத்தது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோன் எப்போதுமே மிகுதி. அங்கு அந்நோயுள்ள தாய்மார்களில் 100-க்கு சுமார் 5 பேரே மசக்கைத் தொல்லையைக் கூறினர். நோயில்லாத தாய்மார்களில் 60 பேருக்கு மேல்! எனவே வாந்தி எடுப்பவள் மனவலிமை இல்லாதவள் அல்லள்.

இனி, திரையில் காட்டாதவை. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் மிகும். ஆகையால் படுக்கையை விட்டு எழுமுன் சிறிது பொரியோ ரஸ்க்கோ தின்னலாம். மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். தாளிப்பு வாசனை ஆகாதென்றால் அந்த வேலையை வேறொருவர் ஏற்கட்டும். கணவனுக்கும் கை இருக்கிறது. இஞ்சி குமட்டலை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961-இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாட்டுடன் பிறந்தன. அதற்காக எல்லா மருந்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பிரிடாக்சினும் டாக்சிலமினும் சேர்ந்த மாத்திரை நீண்டகாலம் ஆராயப்பட்டது. மருத்துவர் சொன்னால் தயங்காமல் உட்கொள்ளலாம்.

படமெடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். வாசனை பட்டதும் அவள் ஓடுவதாகக் காட்டுகிறீர்களே, அது சரியான கவனிப்பு, அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டி நாடியை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கட்டும்: “குடித்த தண்ணீர் தங்குகிறதா? சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா?” பதில் சரியில்லை என்றால் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு, அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும்.