இங்க சேரின்னா வேற

‘வாயத் தொறந்தா சேரிப் பாஷை.’ முதுகலைத் தமிழ் படித்தபோது வகுப்பில் வைத்து ஒரு பேராசிரியர் என்னைச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். அதே வாரம் அவரே தொல்காப்பியச் செய்யுளியல் நடத்தினார். எட்டு வனப்புகளில் ஒன்று புலன். சேரிமொழியில், ஆராயாமலே பொருள் விளங்கும்படி சொல்வது. ‘இங்க சேரின்னா வேற’ என்று தாண்டிப் போய்விட்டார்.

எப்போது வேறானது? சேர்ந்து வாழும் இடம் சேரி. சோழர்காலப் பிரமதேயங்களில் பார்ப்பனர் குடியிருப்புக்கும் சேரி என்றுதான் பெயர். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி மூன்றும் உண்டு. பிறகு அவர்களுடையது அக்ரகாரமானது. சேரி நம் தலையில் நின்றது. காணி நிலம் தராதவர்கள் இந்தச் சொல்லை மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள்.

‘ஊரு ஒலகம் என்ன சொல்லும்’ என்கிறோம். ஊர் என்றால் எல்லாரும் என்று அர்த்தமாம். அந்த எல்லாரில் சேரி கிடையாது. ஆனாலும் நம்ம வீட்டிலும் அதையே சொல்லிப் பிள்ளைகளை அடக்குகிறோம்.

2023இல் அரசியலில் உள்ள ஒரு நடிகை ‘சேரி மொழி’ என்று இழிவாக எழுதினார். எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சில் அதற்கு அன்பு என்று பொருள் என்றார். பிரெஞ்சு வரைக்கும் போனவருக்குத் தொல்காப்பியம் தூரமாகிவிட்டது.

களையெடுப்பில் எங்கம்மா பேசுனதுக்கு யாரும் அகராதி தேடல. நம் எழுத்தைக் கொச்சை என்று திருத்த வருகிறவர்களிடம் புலன் எது என்று முதலில் கேளுங்கள்.