ஆளில்லாத கற்கள்

ஸ்டோன்ஹெஞ்ச் என்றதும் நம் நினைவில் எழுவது ஒரு புகைப்படம்தான். தாழ்ந்த வானம், வெறும் புல்வெளி, நடுவில் கருத்த கற்கள். பேருக்கு ஒரு ஆள்கூட இருக்கமாட்டார். இந்த 'ஆளில்லாமை' எப்படி உண்டாக்கப்பட்டது என்று கேட்காமல் அந்தப் படத்தை வாசிக்க முடியாது.

பிரிட்டனில் தொல்பழங்காலக் கல்வட்டங்களையும் நெடுங்கற்களையும் தேடிப்போய்ப் படம் எடுப்பவர்கள் ஏராளம். வரைபடமும் கையுமாக வயல் வயலாக அலைகிறார்கள். விடியுமுன் போய் நிற்பது, மற்றவர்கள் சட்டகத்தை விட்டு நகரும்வரை காத்திருப்பது, வேலியும் கார் நிறுத்துமிடமும் விழாத கோணத்தைப் பிடிப்பது. இதெல்லாம் அவர்களுடைய எழுதப்படாத இலக்கணம். வெறும் ரசனை சமாச்சாரம் என்று இதை விட்டுவிடலாமா? வரலாற்றை இயற்கைபோல் ஆக்கிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்ற ரோலான் பார்த்தின் கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. கற்கள் அன்று நின்றபடியே இன்றும் நிற்கின்றன, இடையில் எதுவும் நடக்கவில்லை என்பதே இப்படங்களின் கதையாடல்.

நடந்ததோ நிறைய. 1797இல் சாய்ந்து விழுந்த இரட்டைக் கல்லையும் அதன் மேல் குறுக்குக் கல்லையும் 1958இல்தான் தூக்கி நிறுத்தினார்கள். பல கற்களின் அடி இன்று கான்கிரீட்டில் இருக்கிறது. 1901இல் நில உடைமையாளர் வேலி போட்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார். 1915இல் ஏலத்துக்கு வந்தபோது செசில் சப் என்பவர் 6,600 பவுண்டுக்கு எடுத்து, 1918இல் நாட்டுக்குக் கொடுத்தார். முதல் உலகப்போரின்போது கற்களுக்குப் பக்கத்திலேயே விமானத்தளம் இருந்தது. 1927இல் மக்களிடம் பணம் திரட்டி, சுற்றியுள்ள நிலத்தை வாங்கி, கட்டிடங்களை அகற்றித்தான் 'வெட்டவெளி'யைக் கொண்டுவந்தார்கள். நாம் ஆதி என்று மயங்கும் அந்த வெறுமைக்கு வயசு சுமார் நூறுதான். வானிலிருந்து அக்கற்களை முதலில் படம்பிடித்ததும், 1906இல், ராணுவ பலூன்தான்.

பக்கத்து ஏவ்பரியின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே கல்வட்டத்துக்குள்ளேயே ஊர் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊர்க்காரர்கள் கற்களைத் தீமூட்டிச் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டிக்கொண்டார்கள். 1930களில் மார்மலேட் வியாபாரக் குடும்பத்துப் பணக்காரர் அலெக்சாண்டர் கைலர் ஊரின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கினார். புதைந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார், இடைஞ்சலாக இருந்த வீடுகளை இடித்தார். கல்லை உடைத்து வீடாக்கியவன் நாசகாரன். வீட்டை உடைத்துக் கல்லை நிறுத்தியவர் அறிஞர்! எந்த வன்முறைக்கு எந்தப் பெயர் என்பதை அதிகாரம்தானே முடிவு செய்கிறது?

அடுத்து 1985. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளாக ஜூன் மாதந்தோறும் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே இலவச விழா நடந்துவந்தது. பழைய பேருந்துகளிலும் வேன்களிலும் குடும்பமாக வாழ்ந்தவர்கள் அங்கே கூடினார்கள். 1985 ஜூன் 1 அன்று, நீதிமன்றத் தடையைக் காட்டி, அவர்களுடைய வண்டி வரிசையைக் கற்களுக்குப் பல மைல் முன்பே போலீஸ் மறித்தது. குழந்தைகள் இருந்த வண்டிகளின் கண்ணாடிகள் தடியால் நொறுக்கப்பட்டன. 500 பேருக்கு மேல் கைது. படமெடுக்கப்போன பத்திரிகைப் புகைப்படக்காரரும் கைதானார். 'அவரை வயல் சண்டை' என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் தடி, மறுபக்கம் பிள்ளைகுட்டி, என்ன சண்டையோ! அடிபட்ட சிலருக்கு 1991இல் இழப்பீடு கிடைத்தது. அந்தப் படங்களும் ஸ்டோன்ஹெஞ்ச் படங்கள்தான். நாள்காட்டியில் மட்டும் அச்சாவதில்லை.

கற்களைக் காக்க வேண்டாமா என்பார்கள். நியாயமான கேள்வி. முன்பு வந்தவர்கள் சுத்தியலால் சில்லு பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிதிபட்டு மண் தேய்ந்ததால்தான் 1970களின் இறுதியில் கயிறு கட்டினார்கள். ஆனால் காப்பது வேறு, யாரிடமிருந்து காப்பது என்று தீர்மானிப்பது வேறு. அதே சாலிஸ்பரி சமவெளியில் ராணுவப் பயிற்சிக்காக 1943இல் இம்பர் என்ற ஊரையே காலி செய்தார்கள். ஊர்க்காரர்கள் திரும்பிக் குடியேறவேயில்லை. 1995இல் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே சாலையோரப் புல்லில் அமைதியாக நின்ற இருபது பேரளவிலான கூட்டம் குற்றமாயிற்று. பாதையில் அமைதியாகக் கூடுவதும் உரிமையாகலாம் என்று பிரபுக்கள் சபை சொல்ல 1999 ஆனது.

2000 முதல் கோடையின் நெடும்பகல் நாளில் கற்களுக்குள் விடுகிறார்கள். இப்போது கூட்டமே படமாகிவிட்டது: வெள்ளை அங்கி, இலைக்கிரீடம், முரசு. அது முடிந்ததும் மறுபடி கயிறு. விலக்கப்பட்டவர்கள் வேடிக்கைப் பொருளாக மட்டும் சட்டகத்துக்குள் வரலாம் போலும்.

வேறு மாதிரிப் படம் சாத்தியமே இல்லையா? ஃபே காட்வின் எடுத்தார். நடைப்பயணிகள் சங்கத்தின் தலைவராக 1987 முதல் 1990 வரை இருந்தவர். 1990இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'நமது தடைசெய்யப்பட்ட நிலம்' என்று பொருள்படும். மற்றவர்கள் கோணம் மாற்றித் தவிர்த்த கம்பிவேலியையும் தடைப்பலகையையும் அவர் உள்ளே கொண்டுவந்தார். படத்தின் அழகு குறைந்துவிடவில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி கூடச் சேர்ந்துகொண்டது.

ஏவ்பரியில் கல் காணாமல்போன இடங்களில் கைலர் சிறு கான்கிரீட் தூண்களை நட்டுவைத்தார். படமெடுப்பவர்கள் அவற்றை ஒதுக்கி 'நிஜ'க் கல்லுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தூணருகே கொஞ்சம் நிற்க வேண்டும். இல்லாமல்போன கல்லுக்கு அடையாளம் வைத்தவர், தான் இடித்த வீடுகளுக்கு ஒரு தூணும் நடவில்லை. அங்கே அடுப்பெரித்தவர்கள் விழும் கோணம் எது? கேமராவைத் தூக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.